கைப்பிடிச்சுவர்

கிறிஸ்துவுக்குள் பிரியமான திருச்சபையாரே,

கடந்த இரண்டு வாரங்களாக இப்பகுதியில் தியானம் வரவில்லையே என்று உங்களில் சிலர் அக்கறையோடு விசாரித்தீர்கள். நோய் ஒன்றுமில்லை. வெளியூர்க் கூட்டங்களுக்கும் போகவில்லை. வீட்டு மாடியில் சுவர் கட்டிக்கொண்டிருந்தேன். இந்த வாரத் தியானமும் அந்தச் சுவரைப் பற்றியதுதான். நடுவே ஒரு கேக்கைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடைக்காலத்துக் கனகசெட்டிக்குளத்தை நீங்கள் அறிவீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம் பெருக்கும் 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குள் செல்லக் கூடாது. 2017க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. வருமானம் நின்றுபோகும் நாட்கள் என்பதால், இவற்றை இன்பமான நாட்கள் என்று நான் எழுதிவிட்டால் அது பொய்யாகும். அரசு தரும் நிவாரணம் எத்தனை நாள் அடுப்பை எரிய வைக்கும் என்று மீனவர் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஆயினும், ஆண்டு முழுவதும் இருள் பிரியுமுன் கரையை விட்டுப் போய்விடும் ஆண்கள் வீட்டில் இருக்கும் பருவம் இது ஒன்றுதான். தெருவில் நடந்தால் தெரியும். ஒருவர் வேப்பமரத்து நிழலில் வலை பழுதுபார்க்கிறார். ஒருவர் படகுக்கு வண்ணம் பூசிய பின் மீந்த நீலத்தைத் தம் வீட்டு வாசற்கதவுக்குப் பூசுகிறார். கடற்காற்றில் துருவேறி இற்றுப்போன கீல்களைக் கழற்றிப் புதியவை பொருத்துகிறார் இன்னொருவர். மாடிகளில் பழைய சேலைகளின்மேல் வடகம் காய்கிறது. இரண்டு நுங்குக் கூந்தல்களைக் குச்சியில் கோத்து வண்டி செய்து பிள்ளைகள் உருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த வண்டிகளைச் செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் தகப்பன்மார்.

போதகருக்குத் தடைக்காலம் கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். முப்பது ஆண்டு ஊழியத்தில் என் வீட்டுக் கீல் ஒன்றைக்கூட நான் மாற்றியதில்லை.

இப்போது சுவருக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. முழங்கால் அளவு நீரில் நடந்து ஆராதனைக்கு வந்த ஒரு சிலரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அந்த இரவில் போதகர் இல்லத்து மாடியின் கிழக்குப் பக்கக் கைப்பிடிச்சுவரில் எட்டடி நீளம் இடிந்து கீழே தோட்டத்தில் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. தேவனுக்கு நன்றி சொல்லி, இடிந்த இடத்தில் ஒரு நைலான் கயிற்றைக் குறுக்கே கட்டினேன்.

அதன் பிறகு நடந்ததை நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். திருவருகைக் காலம் முடியட்டும் என்றேன். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றேன். புத்தாண்டு, சபைக் கணக்குகள், பிறகு தபசுகாலம், பரிசுத்த வாரம். ஏப்ரல் 20 அன்று உயிர்த்தெழுதல் பண்டிகையும் வந்து போயிற்று. கயிறு மட்டும் இருந்தது. என் மனைவி மாதம் ஒருமுறையாவது, “அந்தச் சுவர்...” என்று தொடங்குவார்கள். “கமிட்டியில் வைத்துப் பேசுவோம்” என்று நான் முடித்து வைப்பேன். கமிட்டியில் நான் அதை ஒருமுறையும் வைக்கவில்லை. ஆகையால் கமிட்டி அங்கத்தினர்கள் யாரும் இதைப் படித்து வருந்த வேண்டாம், தவறு என்னுடையது. மாலைநேர ஜெபத்துக்குப் பின் அந்த மாடியில் என்னோடு காற்று வாங்கியவர்கள் உங்களில் பலர். அந்தக் கயிற்றைப் பார்த்தும் மரியாதையின் நிமித்தம் ஒன்றும் சொல்லாமல் போனீர்கள். அடுத்த முறை சொல்லுங்கள்.

இதில் எனக்கு மிகுந்த வெட்கம் தரும் செய்தி ஒன்று உண்டு. இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாட்டுத் தேர்வு ஒன்றில் உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்துக்கு நான் விளக்கம் எழுதினேன். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும், இல்லையெனில் விழுகிறவனின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அந்தக் கட்டளை. கைப்பிடிச்சுவரைக் குறிக்கும் ‘மஅகே’ என்ற சொல் எபிரெய வேதாகமம் முழுவதிலும் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது என்று எழுதியிருந்தேன். அச்சுவர் பத்துக் கையகல உயரத்துக்குக் குறையக் கூடாது என்று யூத மரபுச் சட்டம் வகுத்ததையும் சேர்த்திருந்தேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்தச் சொல்லை நான் மறக்கவே இல்லை. சுவரைத்தான் கட்டவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் மகளுடைய பிள்ளை விடுமுறைக்கு வந்தான். நான்கு வயது. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரம் அது. இரவிலும் சுவர்கள் அனல் கக்கின. நீங்கள் செய்வதைப் போலவே நாங்களும் மாடியைக் கழுவிவிட்டுப் பாய் விரித்து அங்கே படுத்தோம். கோடைக்காலத்தின் பெரிய இன்பம் எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: நீர் ஊற்றிய தளத்திலிருந்து எழும் வாசனை, பிள்ளை கேட்கும் முடிவில்லாத கேள்விகள், ஒன்பது மணிக்கு மேல் கடலிலிருந்து வரும் காற்று. மண்பானையை மேற்கு மூலையில் வைத்திருந்தோம், பிள்ளை அந்தப் பக்கமே போகட்டும் என்று.

மூன்றாம் இரவு, நடுச்சாமம் கழிந்திருக்கும். என் மனைவி கூப்பிட்ட குரலில் எழுந்தேன். பிள்ளை தாகத்தில் அரைத்தூக்கமாய் எழுந்து, திசை மாறி, கிழக்கு நோக்கி நடந்திருக்கிறான். நான் எழுந்தபோது அவன் கயிற்றில் மார்பு பட நின்றுகொண்டிருந்தான். ஐந்து மாத வெயிலில் நைந்த கயிறு. அவனுடைய சட்டையின் பின்புறம் என் மனைவியின் கையில் இருந்தது.

அவர்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார்கள். நான் விடியும்வரை மாடியில் உட்கார்ந்திருந்தேன். ஜெபித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் பதினான்கடி உயரத்தை மனத்துக்குள் அளந்துகொண்டே இருந்தேன்.

காலையில் எதிர் வீட்டுத் தம்பியிடம் போனேன். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், நல்ல அயலகத்தார். படகில் போகிறவர், தடைக்காலத்தில் கொத்து வேலைக்குப் போவார். மேலே ஏறி வந்து இடிந்த விளிம்பைப் பார்த்தார். பழைய சாந்தில் ஒரு துணுக்கைப் பெயர்த்து விரல்களால் நசுக்கினார், மாவாக உதிர்ந்தது. அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு, ஐயா. கடல் மணல்ல கட்டியிருக்காங்க. புயல் வந்துதான் விழணும்னு இல்ல, எப்படியும் விழுந்திருக்கும்.”

எப்போது யார் கட்டினார்களோ தெரியவில்லை. கடல் மணலில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பூச்சைப் பொருக்கு பொருக்காய் உதிர்க்கும். உள்ளே கம்பி இருந்தால் அதையும் தின்றுவிடும். மீதியிருந்த சுவரிலும் நான்கடி தட்டிப் பார்த்து இடித்துவிட்டார். ஆற்று மணல், இரண்டு மூட்டை சிமெண்டு, முந்நூற்றுச் சொச்சம் செங்கல் என்று கணக்குச் சொன்னார். சித்தாள் வேண்டுமே என்றார். நான் இருக்கிறேன் என்றேன். அவர் என் வேட்டியைப் பார்த்தார். பிறகு சிரிக்காமல் தலையசைத்தார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

அந்த வாரம் ஒப்புக்கொண்டிருந்த கூட்டங்களுக்கு வர இயலாது என்று தெரிவித்தேன். காரணம் கேட்டவர்களிடம் வீட்டு வேலை என்றே சொன்னேன். எதிர்முனையில் சிறிது மௌனம் இருந்தது.

நான்கு நாட்கள் வேலை. செங்கல்லைச் சுவரில் வைப்பதற்கு முன் நீரில் ஊறவைக்க வேண்டும். உலர்ந்த கல் சாந்திலுள்ள நீரைக் குடித்துவிடும், பிடிப்பு இராது. ஊறப்போட்ட கல்லிலிருந்து குமிழிகள் எழும்புவதை என் பேரன் தொட்டிக்கருகில் குந்தி மணிக்கணக்கில் பார்த்தான். கல் மூச்சு விடுகிறதா என்று கேட்டான். ஆம் என்றேன். ஒன்றுக்கு ஆறு என்று சிமெண்டும் மணலும் கலப்பது, சட்டியைத் தலையில் ஏற்றி மாடிப்படி ஏறுவது, இரசமட்டத்தின் கண்ணாடிக்குள் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சை அடக்கிக் காத்திருப்பது, இவையெல்லாம் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் நான் கற்றவை. இரண்டாம் நாள் இரவு கையைத் தூக்கி ஜெபிக்க முடியவில்லை. கை தூக்காமல் ஜெபித்தேன்.

தூக்குக்குண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமோஸ் தீர்க்கதரிசியின் ஏழாம் அதிகாரத்தில் வரும் தூக்குநூலைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். கையில் பிடித்தது இதுவே முதல் முறை. நண்பகலுக்குமேல் கடற்காற்று எழுந்ததும் குண்டு நிற்காமல் ஆடத் தொடங்கியது. நான் கையால் பிடித்து நிறுத்தப் போனேன். “பிடிச்சா அது நீங்க சொல்ற எடத்துல நிக்கும், ஐயா. நேரா நிக்காது” என்றார் தம்பி. ஒரு வாளி நீரைச் சுவரின் அடியில் வைத்து, குண்டு நீருக்குள் மூழ்குமாறு நூலை இறக்கினார். ஆட்டம் சிறிது சிறிதாக அடங்கி, நூல் அசையாமல் நின்றது. இதைப் பிரசங்கத்தில் பயன்படுத்துவேன் என்று நினைக்கிறீர்கள். ஆசை இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம், எவ்வளவு அருமையான உபாயம் என்பதுதான்.

மூன்றாம் நாள் பிற்பகல் கீழிருந்து வாசனை வந்தது. என் மனைவி கேக் சுடுகிறார்கள் என்று புரிந்தது. அந்த இரவுக்குப் பிறகு அவர்கள் என்னோடு அளவாகவே பேசிக்கொண்டிருந்ததால், அந்த வாசனை எனக்கு மிகவும் தேவைப்பட்டது.

நம் புதுச்சேரியின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் கிறிஸ்துமஸுக்கு ‘விவிக்கம்’ என்று ஒரு கேக் செய்வார்கள். மைதாவுக்குப் பதில் ரவை, தாராளமாக முந்திரி, ரம்மில் ஊறிய உலர்பழங்கள். நகரத்தில் நாங்கள் ஊழியம் செய்த நாட்களில் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவரிடம் என் மனைவி அதைக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் பழங்கள் ஆரஞ்சுச் சாற்றில்தான் ஊறுகின்றன. யாரும் கலங்க வேண்டாம். கிறிஸ்துமஸ் கேக்கை மே மாதத்தில் ஏன் சுட வேண்டும் என்று கேட்டால், முந்திரி இப்போதுதானே புதிதாக வருகிறது என்பார்கள். மேற்கே செம்மண் தோப்புகளில் முந்திரிப்பழம் சிவந்து மஞ்சளாகித் தொங்குவது ஏப்ரல், மே மாதங்களில்தான். கால் கிலோ ரவையை வாசம் வரும்வரை வறுத்து, வெண்ணெயோடும் முட்டையோடும் சர்க்கரையோடும் கலந்து, சில மணி நேரம் ஊற விடுவார்கள். ரவை ஊறிப் பருத்தால்தான் கேக் மிருதுவாகும். அவசரப்பட்டால் மணல் தின்பதுபோல் நறநறக்கும்.

மின்சார ஓவன் எங்களிடம் உண்டு. மே மாத மின்தடையை நம்பி அதில் யார் மாவை வைப்பார்கள்? தம் தாயார் செய்ததுபோல் தோட்டத்தில் மூன்று கற்களைக் கூட்டினார்கள். பெரிய அலுமினியக் குண்டானில் இரண்டு அங்குலம் மணல். அதன்மேல் ஒரு வளையம், வளையத்தின்மேல் மாவு நிரப்பிய தட்டு. மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் கொட்டாங்கச்சித் தணல். மேலும் கீழும் சூடு சமமாக இருக்க வேண்டும். தணலை விசிறியால் விசிறி, சாம்பலைத் தட்டி, ஒரு மணி நேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது.

குண்டானில் பரப்பிய மணல் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு கேட்டேன். கரையிலிருந்து பேரனோடு போய் ஒரு சிறு வாளியில் எடுத்து வந்தார்களாம். சுவருக்கு ஆகாத அதே கடல் மணல். சூட்டைப் பிடித்துவைக்க அதற்கு உப்பு ஒரு தடையல்லவாம். தம்பிக்கு இது பெரிய சிரிப்பாகிவிட்டது.

மாடியில் பசியோடு நின்றுகொண்டு கீழே அடுப்பின் வாசனையை முகர்ந்தபோது, அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. யோப்பா பட்டணத்தில் கடலோரத்து வீடொன்றின் மேல்மாடியில் நண்பகலில் பேதுரு ஜெபிக்க ஏறுகிறார். அவருக்கு மிகுந்த பசி. கீழே உணவு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவேளையில்தான் வானத்திலிருந்து விரிப்பு இறங்கும் தரிசனம். அந்த விரிப்பைப் பற்றி எத்தனை பிரசங்கங்கள் செய்திருப்பேன்! கீழே சமைத்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி ஒரு வாக்கியமும் பேசியதில்லை. லூக்காவும் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. தரிசனம் முடிந்த பின் அந்த உணவை யார் உண்டார்கள் என்பதும் எழுதப்படவில்லை. வாசலில் வந்து நின்ற மூன்று அயலாரைப் பேதுரு உள்ளே அழைத்து உபசரித்தார் என்று மட்டும் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் அடுப்பின் முன் இருந்திராவிட்டால் எதைக் கொண்டு உபசரித்திருப்பார்?

அன்று மாலை ஐந்து மணிக்குக் கேக் மாடிக்கு வந்தது, வெந்த சூட்டோடு. அடிப்பக்கம் சற்றுக் கருகியிருந்தது. அந்தக் கருகல்தான் மணல் அடுப்புக் கேக்கின் ருசி என்பது என் கட்சி. என் மனைவி ஒப்புக்கொள்வதில்லை. பாதி எழும்பிய சுவரின் மேல் தட்டை வைத்து, தம்பியும் அவர் மகனும் என் பேரனும் நானும் தின்றோம். முதல் துண்டைத் தம்பிக்கும் இரண்டாவதைப் பேரனுக்கும் கொடுத்தார்கள். மூன்றாவதை என் கையில் வைத்தபோது, “நகத்துக்குள்ளே சிமெண்டு இருக்கிறது, கழுவிவிட்டு வாருங்கள்” என்றார்கள். நான்கு நாட்களில் என்னிடம் அவர்கள் பேசிய நீளமான வாக்கியம் அது. கழுவிவிட்டு வந்தேன்.

கூலி விஷயத்தில் சிறு வழக்கு நடந்தது. அயல்வீடு, அதுவும் போதகர் வீடு என்று தம்பி வாங்க மறுத்தார். கடலுக்குப் போகாத மாதத்தில் உழைத்தவரின் கூலியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நான் எப்படி மேடையேறுவது என்று கேட்டேன். வெளியே என்ன கூலியோ அதையே வாங்கிக்கொண்டார். கேக்கில் பாதி அவர் வீட்டுக்குப் போயிற்று. அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

சுவர் எழும்பிய பின் ஏழு நாட்கள் காலையும் மாலையும் நீர் விட வேண்டும். அந்தப் பொறுப்பைப் பேரன் ஏற்றுக்கொண்டான். சிறு குவளையால் சுவரில் பாதியும் தன்மேல் பாதியுமாக ஊற்றினான். அது காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்தோம். சுட்ட சுண்ணாம்புக் கற்களின்மேல் நீர் விட்டதும் அவை சீறிக் கொதித்து வெண்மாவாய்ப் பூத்ததை, தூரத்தில் நிறுத்தப்பட்ட பேரன் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கூட்டிவந்து காட்டினான். துளி நீலம் கலந்தோம். பூசும்போது சாம்பல் போலத்தான் இருந்தது. காயக் காய வெளுத்தது.

நம் நாட்டுக் கட்டிட விதித் தொகுப்பு மாடிச்சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அளந்து பார்த்தே வைத்திருந்தோம்.

நேற்று மாலை என் மனைவி மாடிக்கு வந்தார்கள். நவம்பருக்குப் பிறகு அவர்கள் கிழக்குப் பக்கம் போய் நின்றதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரே போய்ச் சுவரின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, சிறிது சாய்ந்து, கடலைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்கள். கரையில் படகுகள் இன்னும் மணல்மீதே இருந்தன. நான் அருகில் போய் நின்றேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்?

“பிள்ளை வளருகிறான். இன்னும் ஒரு வரிசை வைத்திருக்கலாம்” என்றார்கள்.

மீதியிருக்கும் செங்கற்களை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு இருக்கின்றன. ஒரு வரிசைக்குப் போதாது. தம்பி முகத்தைச் சுளிப்பார். ஆனாலும் தடைக்காலம் முடியுமுன் அழைத்துவிடுவேன்.

ஆண்டவருடைய கிருபை உங்களோடிருப்பதாக. ஞாயிறு ஆராதனையில் சந்திப்போம்.

உங்கள் போதகர்,
கனகசெட்டிக்குளம்